கிளெட்டோ கார் கண்ணாடி மாற்றிய வாரம்

கார் முன்கண்ணாடியை மாற்றுவதற்கு முன்னால் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளெட்டோ ஊரெல்லாம் விசாரித்தான். கண்ணாடி கம்பெனிச் சரக்கா, வெளிச் சரக்கா என்று கேட்டான். பசை எந்த நாட்டுப் பசை என்று கேட்டான். மழை பெய்தால் ஓரத்தில் ஒழுகுமா, துடைப்பான் உரசுமா, உள்ளேயிருந்து பார்த்தால் சாலை நெளிந்து தெரியுமா என்றெல்லாம் கேட்டான். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் எங்கள் வில்லா சொலேடாட் ஹைட்ஸ் வீட்டு உரிமையாளர் சங்கத்தைக் கதிகலங்க வைத்தது.

நான் தெம்யோங், கிளெட்டோவின் பக்கத்து வீட்டுக்காரன். ஹைட்ஸ் என்று பெயர்தான் இருக்கிறதே தவிர, இங்கே உயரமான இடம் எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் நெல் வயலாக இருந்த பூமி. நல்ல மழை பெய்தால் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வாசலில் பெரிய வளைவு உண்டு. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட தடுப்புக் கம்பு உண்டு. சீருடை போட்ட காவலாளி உண்டு. காரின் முன்கண்ணாடி மூலையில் சங்கம் கொடுத்த ஸ்டிக்கர் இருந்தால் காவலாளி சல்யூட் அடிப்பார், கம்பு மேலே போகும். நிர்வாகக் குழுவினருக்குத் தங்க நிற ஸ்டிக்கர். அதற்குக் காலைத் தட்டி முழு சல்யூட். சொந்த வீட்டுக்காரர்களுக்கு நீலம், சாதாரண சல்யூட். என்னைப் போன்ற வாடகைக்காரர்களுக்குப் பச்சை. எங்களுக்குக் கை மேலே போகாது, புருவம் மட்டும் ஒரு தடவை மேலே போய்விட்டு வரும். அந்தப் புருவத்துக்காகவும் காலையில் முகம் கழுவிக்கொண்டு போகிறவர்கள் எங்களில் உண்டு.

இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தவர் ஸ்டிக்கர் கமிட்டித் தலைவர் கர்னல் பொன்சியானோ. ராணுவத்தில் அவர் அரிசிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் அவருடைய கையெழுத்து இருக்கும். அது பாதி ஸ்டிக்கரை அடைத்துக்கொள்ளும் என்பதால் வீட்டு எண்ணை மீதியிருக்கும் இடத்தில் சின்னதாக எழுதுவார்கள். சல்யூட் அடித்துவிட்டால் கம்பைத் தூக்கியே ஆக வேண்டும், நடுவில் பேச்சே கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான்.

கிளெட்டோவின் கண்ணாடியை உடைத்தது ஜல்லி லாரி. முதலில் நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு விழுந்தது. உடனே கொண்டுபோனால் அதற்குள் பிசினை நிரப்பி அடைத்துவிடலாம், கண்ணாடியையே மாற்ற வேண்டாம் என்று கடைக்காரர் போனில் சொன்னார். நாளைக்குப் போகலாம் என்று கிளெட்டோ காரை வெயிலில் நிறுத்தினான். திரும்பி வந்து, உள்ளே வெந்துபோகிறது என்று ஏசியை முழுசாகத் திருகிவிட்டான். பொட்டிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நிதானமாக ஓடி முடித்தது.

அவன் என் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை நிம்ஃபா வர்றா, குயா. இந்த மூஞ்சியோட கார எப்படி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோவேன்?"

குயா என்றால் அண்ணன், என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. நிம்ஃபா அவன் மனைவி. ஹாங்காங்கில் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. இந்த வீடும் அவள் சம்பாத்தியம், இந்தக் காரும் அவள் சம்பாத்தியம். இரண்டும் அவள் பெயரில்தான் இருக்கின்றன. காரை அவள் போனில் பார்த்ததோடு சரி, ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. "நான் வந்தா பஸ் வேணாம், டாக்ஸி வேணாம். என் கார்ல, முன் சீட்டுல உக்காந்து, நம்ம வாசல் வழியா நம்ம வீட்டுக்குப் போகணும்" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லுவாள். வேறு எதையுமே அவள் அவனிடம் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை புதுக் கண்ணாடி ஏறியது. கடைக்காரர் ஓரத்தில் நாடா ஒட்டி, "நாளைக்கு வரைக்கும் இதப் பிய்க்காதீங்க. பசை முழுசா இறுகணும். ஜன்னல கொஞ்சம் இறக்கி வைங்க. கதவ மட்டும் ஓங்கிச் சாத்திடாதீங்க, உள்ள காத்து முட்டி கண்ணாடி நகந்துரும்" என்று சொல்லி அனுப்பினார். கிளெட்டோ பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல் காரை ஓட்டி வந்து, எங்கள் வாசலில் நிறுத்தினான். கம்பு மேலே போகவில்லை.

காவலாளி இஸ்கோ பக்கத்தில் வந்தார்.

"வணக்கம் சார். யாரப் பாக்கணும்?"

கிளெட்டோ சிரித்தான். இஸ்கோ அவனுக்குக் கும்பாரே. அவருடைய கடைசிப் பையனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் கிளெட்டோதான். முந்தின நாள் சாயங்காலம்கூட இரண்டு பேரும் பன்றி வறுவலை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரே மைக்கைப் பிடித்து, தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்படி பாடியிருந்தார்கள்.

"என்ன கும்பாரே, வெளையாடறியா? கம்பத் தூக்கு."

"ஸ்டிக்கர் இல்லியே சார்."

"சாரா? நேத்து என் தட்டுலேர்ந்து பன்னிக் காத எடுத்துத் தின்னவன், இன்னிக்கு சாருங்கற?"

"நேத்து நான் டூட்டில இல்ல சார்."

"என் மூஞ்சி தெரியுதா, இல்லியா?"

"மூஞ்சி நல்லாத் தெரியுது சார். கண்ணாடி புதுசுல்ல, முன்னவிட நல்லாவே தெரியுது. ஆனா மூஞ்சிக்கெல்லாம் எங்களுக்குப் பயிற்சி குடுக்கல. ஸ்டிக்கருக்குத்தான் குடுத்திருக்காங்க."

கிளெட்டோவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டிக்கர் பழைய கண்ணாடியோடு கடையிலேயே தங்கிவிட்டது.

இஸ்கோ கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "விருந்தாளியா வந்தா விடலாம் சார். எந்த வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்காரர் பேரு?"

"கிளெட்டோ."

"உங்க பேரு?"

"அதேதான்."

"சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்."

"அப்ப சரி. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று இஸ்கோ காவல் கூண்டிலிருந்து உள்போனில் மணி அடித்தார். கைப்போனில் கேட்பது செல்லாது. வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி உள்போன்தான். ரொம்ப நேரம் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க சார்" என்று வருத்தப்பட்டார்.

"எப்படி எடுப்பாங்க? அவன்தான் இங்க நிக்கறானே."

"அப்ப அவரப் போய் எடுக்கச் சொல்லுங்க சார்."

கிளெட்டோ காரை விட்டு இறங்கினான். நடந்து போகிறவர்களுக்கு முன்கண்ணாடி இல்லாததால் ஸ்டிக்கரும் தேவையில்லை. நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க ஓடி வந்தவன் வீட்டைத் திறந்து போனை எடுத்தான். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"சார், உங்களப் பாக்க கிளெட்டோன்னு ஒருத்தர் வந்திருக்காரு. விடலாமா?"

"விடுங்க."

"தெரிஞ்சவருதானா சார்?"

"காலைல வரைக்கும் தெரியும்" என்றான்.

பிறகு வாசலுக்கு ஓடினான். என்னதான் நடக்கிறது என்று நானும் பின்னாலேயே போனேன். விருந்தாளிகளின் காரைச் சோதனை போட வேண்டும் என்பதால் இஸ்கோ நாலு கதவையும் டிக்கியையும் திறந்து, ஒவ்வொன்றாகப் படாரென்று சாத்திக்கொண்டிருந்தார்.

"மெதுவா, கும்பாரே. பசை இன்னும் காயல."

"மெதுவாச் சாத்தினா சோதன பண்ணது கர்னல் வீட்டுக்குக் கேக்காது சார்."

அவர் சாத்தச் சாத்த, கிளெட்டோ வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கடைசியில் அவனுடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். அதுவும் பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும், விருந்தாளியின் கார் இங்கே தூங்கக் கூடாது. இருட்டுவதற்கு முன் கிளெட்டோ தன் வீட்டிலிருந்து தானே விடைபெற்று, காரைக் கொண்டுபோய் வெளியே பேக்கரி வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

புதன்கிழமை சங்க அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த அலுவலகத்தில் கர்னல் பொன்சியானோ காற்றாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"பழைய ஸ்டிக்கர் எங்க?"

"கண்ணாடியோட கடைலயே இருக்கு கர்னல் சார். குப்பைல போட்டிருப்பாங்க."

கர்னல் எழுந்து நின்றார். "என் கையெழுத்து குப்பைலயா?"

"கண்ணாடி ஒடஞ்சுபோச்சுங்களே."

"கையெழுத்து ஒடஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அது இன்னும் செல்லும். எவன் வேணா அத எடுத்துட்டு உள்ள வரலாம். நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா, மிஸ்டர் கிளெட்டோ?"

நான் நடுவில் புகுந்தேன். எனக்கு இந்த மாதிரி இடங்களில் வாயை அடக்கத் தெரியாது. "இவரத்தான் இங்க எல்லாருக்கும் தெரியுமே கர்னல் சார். உங்க பேத்தி கல்யாணத்துல பந்தி பரிமாறினது இவர்தானே?"

கர்னல் என்னைப் பார்க்காமல் என் சட்டைப் பையைப் பார்த்தார். பச்சைக்காரர்களிடம் அவர் அப்படித்தான் பேசுவார். "மூஞ்சிய நம்பக் கூடாது. மூஞ்சிங்கறது மாறிட்டே இருக்கும். தாடி வப்பான், மொட்ட போடுவான், வயசாகும். ஸ்டிக்கருக்கு வயசாகுமா? நான் முகாம்ல இருந்தப்போ என் சொந்த மாமனாரையே மூணு மணி நேரம் வெயில்ல நிக்க வச்சிருக்கேன். அவர்தான்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நிக்க வச்சேன் பாருங்க, அதுக்குப் பேருதான் ஒழுங்கு."

அப்புறம் உத்தரவு போட்டார். ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது; உரித்தால் செல்லாமல் போய்விடும். செல்லாத ஸ்டிக்கரைத் திரும்ப ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காமல் புதுசு கிடைக்காது. ஆகவே கண்ணாடியோடு கொண்டுவர வேண்டும்.

கடைக்குப் போனோம். பழைய கண்ணாடி குப்பையில் இல்லை. கடைக்காரர் அதைக் கொல்லையில் சாய்த்து வைத்து, கீழே தன் சண்டைச் சேவலைக் கட்டியிருந்தார். இரண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால், கீறல் விழுந்தும் கண்ணாடி கலையாமல் அப்படியே இருந்தது. மூலையில் நீல ஸ்டிக்கர். அதற்கு நேர் கீழே சேவல்.

"வேற எதுனாலும் கேளுங்க சார்" என்றார் கடைக்காரர். "நாளான்னிக்கு அதுக்குச் சண்ட. இந்த நெழலுக்குப் பழகிப்போச்சு. இப்ப மாத்தினா மனசு விட்டுரும்."

ஒரு வேன் கண்ணாடியைப் பதிலுக்கு நிறுத்தி, சேவல் அதன் கீழே போய் நின்று பார்த்துத் திருப்திப்படுகிற வரை காத்திருந்தோம். பிறகு பழைய கண்ணாடியின் விளிம்பில் துண்டைச் சுற்றி, மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பிடித்தோம். பக்கத் தொட்டியில் கிளெட்டோ உட்கார்ந்து கண்ணாடியை முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். நான் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாசலை நெருங்கினோம். இஸ்கோ எங்களைத் தடுக்கக் கையை நீட்டியபடி வந்தார். பாதி வழியில் நீல ஸ்டிக்கரைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே மடங்கி நெற்றிக்குப் போனது. கம்பு மேலே எழுந்தது.

வண்டி நகரும்போது கிளெட்டோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டான்: "கும்பாரே, இப்ப நான் யாரு?"

"வீட்டுக்காரர், சார்" என்றார் இஸ்கோ, கையை இறக்காமல்.

எனக்கு அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வந்தது. கிளெட்டோ சிரிக்கவில்லை. பேக்கரி வாசலில் அனாதையாக நிற்கும் காரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு சங்க கீதம். அது கர்னலே எழுதி மெட்டுப் போட்டது. வடிகாலைப் பற்றி மட்டுமே ஒரு சரணம் உண்டு. நூடுல்ஸ் தட்டுகள் சுற்றி வந்த பிறகு தலைவி பேச எழுந்தார். வக்கீல் ப்ருடென்சியா மேடத்துக்கு மைக் என்றால் உயிர். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் மைக் வேண்டும்.

"அன்பான அண்டை வீட்டார்களே. பாதுகாப்புன்னா என்னன்னு சில பேருக்கு இன்னும் புரியல. போன வருஷம் நம்ம குடியிருப்புல ஒன்பது மோட்டார் சைக்கிள் திருடு போச்சு. ஒரு திருடனாவது செவுரு ஏறிக் குதிச்சானா? இல்ல. ஒன்பதும் முன்வாசல் வழியா, ஸ்டிக்கரோட, சல்யூட் வாங்கிட்டு, முறையா வெளிய போச்சு. பக்கத்துக் குடியிருப்புல பாருங்க, செவுத்துல ஓட்ட போட்டுத் திருடறான். நம்ம கிட்ட அந்த அசிங்கமெல்லாம் நடக்கறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவர்களில் வந்திருந்த இரண்டு பேரும் தட்டினார்கள்.

அடுத்து விஷயத்துக்கு வந்தார்கள். பழைய கண்ணாடியை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டிக்கர் வண்டிக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஸ்டிக்கர் எதில் இருக்கிறதோ அதுதான் வண்டி. ஆகவே நாற்காலியில் இருப்பதுதான் கிளெட்டோவின் கார் என்று மேடம் விளக்கினார்.

"அப்ப பேக்கரி வாசல்ல நிக்கறது?" என்று கேட்டான் கிளெட்டோ.

"அது என்னன்னு சங்கத்துக்குத் தெரியாது" என்றார் கர்னல்.

"அதுக்கு ஒரு ஸ்டிக்கர் குடுங்க சார், தெரிஞ்சுடும்."

"குடுக்கலாம். வண்டிய நான் குடியிருப்புக்குள்ள வச்சு சோதிக்கணும்."

"உள்ள எப்படிக் கொண்டுவர்றது?"

"ஸ்டிக்கரோடதான்."

நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கிளெட்டோ எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், தட்டைக் கீழே வைக்க மறந்திருந்தான்.

"மேடம், என் பொண்டாட்டி சனிக்கிழம வர்றா. நாலு வருஷமாச்சு. அவ கார்ல, அவ வீட்டுக்கு வரணும்னு ஒரே ஒரு ஆச. எனக்கு ஸ்டிக்கர்கூட வேணாம். அந்த ஒரு தடவ மட்டும் கம்பத் தூக்குங்க. அப்புறம் காலம்பூரா பேக்கரி வாசல்லயே நிறுத்திக்கறேன்."

மேடத்தின் கண் கலங்கியது. நிஜமாகத்தான் கலங்கியது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, இதற்கு ஒரே வழி விழா எடுப்பதுதான் என்றார். சனிக்கிழமை நாலு மணிக்கு வாசலில் கண்ணாடி ஒப்படைப்பு விழா. நிர்வாகக் குழு மொத்தமும் வாசலுக்கு வெளியே வந்து நிற்கும். குழு நிற்கும் இடம் எதுவோ அது குடியிருப்புக்குள் என்று கணக்கு. அங்கேயே சோதனை, அங்கேயே ஸ்டிக்கர். கிளெட்டோ அவர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அந்த மகராசியை அன்றைக்கு நான்கூட ஒரு நிமிஷம் நல்லவர் என்று நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையே வளைவில் பேனர் ஏறிவிட்டது. "முன்கண்ணாடி மாற்றிய கிளெட்டோவுக்கு வாழ்த்துகள்" என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. மேலே முழுக்க நிர்வாகக் குழுவினரின் முகங்கள். மூஞ்சியை நம்பக் கூடாது என்ற கர்னலின் மூஞ்சிதான் எல்லாவற்றிலும் பெரியது.

சனிக்கிழமை நானும் ஏர்போர்ட்டுக்குப் போனேன், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று. நிம்ஃபா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள். கிளெட்டோ அவளைக் கட்டிப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியை வாங்கிக்கொண்டான். அவள்தான் பெட்டியைத் தாண்டி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். காரைப் பார்த்ததும் பக்கத்தில் போய், கதவைத் தொட்டு, கைப்பிடியைத் தொட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போகிற வரை சீட்டைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"போன்ல பாத்தத விடப் பெருசா இருக்கு, இல்ல குயா தெம்யோங்?" என்று பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"பின்னாடி உக்காந்து பாரு, சின்னதாத் தெரியும்" என்றேன்.

வாசலில் கூட்டமோ கூட்டம். பேண்டு வாத்தியம்கூட வந்திருந்தது. பழைய கண்ணாடியை ஒரு முக்காலியில் நிறுத்தி, மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். ஜெபம், கீதம், இன்னொரு கீதம், வடிகால் சரணம் எல்லாம் முடிந்தன. கர்னல் காரை ஒரு சுற்று வந்தார், சக்கரத்தை உதைத்தார், "திருப்தி" என்றார். வெள்ளித் தட்டில் புது ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார்கள். கிளெட்டோ கையை நீட்டினான்.

"உரிமையாளர் கையெழுத்து" என்றார் கர்னல். "வண்டி உங்க பேர்ல இல்லியே. வீடும் இல்ல. நிம்ஃபாங்கறவங்க பேர்ல இருக்கு."

"நான்தான் அது" என்று நிம்ஃபா இறங்கினாள்.

கர்னல் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இங்க குடியிருக்கறவங்க பட்டியல்ல இல்ல."

"ஹாங்காங்ல இருந்தேன் சார்."

"அப்ப நீங்க வெளியூர் உரிமையாளர். வெளியூர் உரிமையாளர் தபால்ல விண்ணப்பிக்கணும்."

"நேர்லயே வந்துட்டேனே."

"அதுதான் சிக்கல்" என்றார் கர்னல். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "உள்ளூர்ல குடியிருந்தா இங்கயே கையெழுத்துப் போடலாம். வெளியூர்ல இருந்தா தபால்ல போடலாம். நீங்க வாசல்ல நிக்கறீங்க. வாசல்ல நிக்கறவங்களுக்கு விதி இல்ல. நீங்க மட்டும் ஹாங்காங்லயே இருந்திருந்தா இன்னிக்கே முடிச்சிருக்கலாம்."

மேடம் மைக்கில், "சங்கத்தின் சார்பில் எங்கள் ஆழ்ந்த வருத்தங்கள்" என்றார். பேண்டுக்காரர்கள் அதைச் சைகை என்று நினைத்து வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள்.

கிளெட்டோவைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கண்ணாடியையும் பார்க்கவில்லை, கர்னலையும் பார்க்கவில்லை. நிம்ஃபாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நடந்து போயிடலாம்" என்று மெல்லச் சொன்னான். "நடந்து போறவங்களுக்கு ஒண்ணும் தேவையில்ல. கார நான் பேக்கரில விட்டுட்டு வந்துடறேன்."

"நான் நடக்கறதுக்கா கார் வாங்கினேன்?" என்றாள் நிம்ஃபா.

அவள் சத்தம் போடவில்லை. இஸ்கோவிடம் போனாள். "கும்பாரே, என்னத் தெரியுதா?"

"தெரியுது, கும்மாரே" என்று, கும்பாரேயின் மனைவியைக் கூப்பிடும் முறையில் வாய் தவறிச் சொல்லிவிட்டு, இஸ்கோ கர்னலைப் பார்த்து, "மேடம்" என்று திருத்திக்கொண்டார்.

"நான் இங்க இல்லவே இல்லன்னு சொல்றாங்க. சரிதான், இல்ல. நான் அந்தக் கிழவி வீட்ல துணி தொவச்சிட்டு இருந்தேன். ஆனா தெனம் படுக்கறதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்துட்டுப் போவேன். எப்படி வந்தேன்னு பாரு."

போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கார் வாங்கிய அன்று கிளெட்டோ அனுப்பிய படம். கார் எங்கள் தெருவில் நிற்கிறது. கிளெட்டோ முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டுகிறான். அவன் தோளுக்கு மேலே கண்ணாடி மூலையில் நீல ஸ்டிக்கர். அடிக்கடி பார்த்ததில் போன் திரையில் அந்த இடமே தேய்ந்திருந்தது. அவனை நன்றாகக் காட்டுவதற்காக நிம்ஃபா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவசரத்தில் அவனைத் தாண்டி ஸ்டிக்கர் பெரிதாகிவிட்டது.

இஸ்கோவின் கை நெற்றிக்குப் போனது.

"என்னய்யா பண்ற?" என்று கர்னல் பாய்ந்து வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். திரை முழுக்க அவருடைய கையெழுத்து. அவ்வளவு பெரிதாக அதை அவரே பார்த்ததில்லை. அவர் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. கை தானாக மேலே போனது. தலைவர்கள் எழுந்தால் கூடவே எழுந்து பழகிய நிர்வாகக் குழுவும் சல்யூட் அடித்தது. பேண்டு வாசிக்கத் தொடங்கியது, இந்தத் தடவை நிறுத்தவில்லை.

சல்யூட் அடித்த பிறகு கம்பு மேலே போகிற வரை பேச்சே கூடாது என்பது விதி. கர்னல் வாயைத் திறந்தார், மூடினார். கம்பு மேலே போனது.

"வண்டிய எடு" என்று நிம்ஃபா ஓடிவந்து முன் சீட்டில் ஏறினாள். நான் பெட்டிகளுக்கு நடுவே பாய்ந்தேன். கிளெட்டோவுக்குச் சாவி நுழையவில்லை. அவள்தான் அவன் கையைப் பிடித்து நிதானப்படுத்தினாள். கார் வளைவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் நெற்றியில் கையோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், கையை எப்போது இறக்குவது என்று யாருக்கும் தெரியாமல்.

நிம்ஃபா ஜன்னல் வழியாக அந்தக் கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவ்ளோ பேரும் யாருக்குடா சல்யூட் அடிச்சாங்க?"

"உனக்குத்தான்" என்றான் கிளெட்டோ.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், ஒண்ணும் கஷ்டமில்லை என்று நாலு வருஷமாக இரண்டு பேரும் போனில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்ட பொய்கள் கொஞ்சமா? பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் பொய் இது. அவள் அதை நம்பிக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.